நீக்கிய நாள்

சுவரில் மாட்டியிருந்த எண்பலகையில் நாற்பத்தொன்று என்று சிவப்பாக எரிந்தது. அக்காவின் கையிலிருந்த சீட்டில் ஐம்பத்தாறு. ஆளுக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் மூன்றரை ஆகிவிடும், வக்கீல் ரெஜினா கேட்டிருப்பது நாலு மணிக்குள், நேரம் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது என்று எழிலரசி தனக்குள் சொல்லிக்கொண்டாள். நேரம் இருக்கிறது என்பதுதான் பதினோரு மாதமாக அவள் சொல்லிக்கொண்டு வருவது. கைப்பேசியை முகம் கீழாகத் தொடைமேல் கவிழ்த்து வைத்திருந்தாள், அதற்குள் இருந்த வரி மட்டும் கவிழவில்லை: மேடம், அந்த ஒரு நாளின் அளவு இல்லாமல் மனுவுக்குக் கால் இல்லை, உங்கள் பெட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா. இருக்கிறது. காற்றை அளக்கிற அவள் பெட்டிக்குள் இருக்கும் பதிவுக் கருவி பழைய எண்களை ஓராண்டு வைத்திருக்கும், பிறகு அதன்மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும், ஓராண்டுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் பாக்கி. கதவுக்குப் பின்னால் மூச்சுப் பரிசோதனை செய்கிற பெண் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள், ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும். அக்கா மலர்க்கொடி மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு, “இன்னாடி இது, பிரசவ வார்டு மாதிரி கத்துறா” என்றாள். எதிர்வரிசையில் இருந்த கிழவர் சிரிக்கப்போய் இருமலில் மாட்டிக்கொண்டார், அந்த இருமல் முடிகிற வரைக்கும் வரிசையே ஒரு மரியாதைக்குப் பேசாமல் இருந்தது.

மணி இரண்டு. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக, துவைத்து உலர்த்தின துணி மாதிரி நின்றது. இந்த நேரத்துக்கு அது ஏறத் தொடங்கியிருக்கும். எந்தப் புகைபோக்கியிலிருந்தும் ஓசோன் வருவதில்லை, அதனால் யாரும் அதைக் கைநீட்டிக் காட்ட முடியாது. லாரிக்காரன் விட்டதும் பெயின்ட் ஆலை விட்டதும் காலையிலிருந்து தெருவில் சும்மா கிடக்கும், வெயில் வந்து இரண்டையும் சேர்த்துச் சமைக்கும், இரண்டு மணிக்கு மேல் பதமாகும். நிறம் இல்லை, கண்ணுக்கு எதுவும் தெரியாது, உள்ளே போனால் மட்டும் தோல் வெயிலில் கன்றிப்போவதுபோல நெஞ்சு கன்றும். மணப்பது என்ற பொருளில்தான் கிரேக்கத்தில் அதற்குப் பெயர் வைத்தார்கள் என்று ஜெர்மனியில் பேராசிரியர் சொன்னபோது அவளுக்கு வடசென்னையில் ஜெராக்ஸ் கடை நினைவு வந்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழை நகலெடுக்க நின்றபோது மூக்கில் ஏறிய அந்தச் சுருக்கென்ற வாசனை, அதைத்தான் படிக்கப்போகிறோம் என்று அப்போது தெரியாது. பன்னிரண்டு வருடம் படித்தாள். அங்கே காற்று சுத்தமாக இருந்தது, சுத்தமான காற்றை அளந்து அளந்து அவளுக்கு அலுத்தது, இங்கே தன்னால் ஆகிற வேலை இருக்கும் என்று திரும்பி வந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள், அதுவும் பொய்யில்லை. அம்மா இரண்டு வருடத்தில் போய்விட்டாள். காற்று இருக்கிறது, தனியார் ஆய்வகம் ஒன்றில் சம்பளம் இருக்கிறது, கூட்டங்களில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஓசோன் மேலே இருந்தால் குடை, கீழே இறங்கினால் நஞ்சு என்று பேசுவாள், கைதட்டுவார்கள். கைதட்டியவர்களில் ஒருவர்கூட, சரி கீழே இறங்கினதை என்ன செய்யலாம் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் மட்டும் அவளிடம் என்ன பதில் இருந்திருக்கும்.

நாற்பத்துநாலு. இதைவிடக் கசப்பான ஒன்றை அவள் கூட்டங்களில் சொல்வதில்லை. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். இந்த ஊரின் தலைக்குமேல் மிதக்கிற தூசில் பாதி வெளிறிய துகள், அது வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, பூமி இன்னும் கொஞ்சம் சுட வேண்டியது அந்த அழுக்கால் சுடாமல் இருக்கிறது. கரித்துகள் அப்படி இல்லை, அது வெயிலை விழுங்கி வைத்துக்கொண்டு சுடும், மழை வருகிற வழியையும் கலைக்கும். வெளிறியதை நாளைக்கே துடைத்துவிட்டோம் என்றால் அது மறைத்து வைத்திருந்த சூடு வெளியே வரும், தெளிந்த வெயிலில் ஓசோன் இன்னும் நன்றாகச் சமையும். துடைக்காவிட்டால் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத அந்தத் துகள் நுரையீரலில் தங்காமல் ரத்தத்தில் இறங்கி இதயத்துக்குப் போகும். இரண்டையும் சேர்த்தே துடைக்க வேண்டும், அதற்கு எல்லாரும் சேர வேண்டும், எல்லாரும் சேர்கிறார்கள், ஆயுத பூஜைக்குச் சேர்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை மொத்தத் தொழிற்பேட்டையும் எந்திரங்களைத் தின்னர் ஊற்றிக் கழுவும், புதுப் பெயின்ட் அடிக்கும், கொட்டகைகளின் வாசலெல்லாம் தின்னர் நாற்றம் நெற்றியைப் பிடிக்கும். அதெல்லாம் சில்லறை. தண்ணீர்த்தொட்டிக்கு மேற்கே இருந்த பெயின்ட் ஆலை போன வருடம் நாலு நாள் விடுமுறைக்கு முன்னால் தன் பெரிய தொட்டிகளைத் திறந்துபோட்டு ஆவியை வெளியே விட்டது என்பதுதான் அக்காவின் மனு. ஆளுயர மூடிகள் திறந்து கிடக்கிற படம் வக்கீலிடம் இருக்கிறது. படத்தில் ஆவி தெரியவில்லை.

தண்ணீர்த்தொட்டியில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர் ஏகாம்பரம் மாமா, அக்காவின் வீட்டுக்காரர். அவர் அங்கே இருக்கிறார் என்பதற்காகத்தான் எழிலரசி ஆய்வகத்தில் சொல்லித் தன் கருவிப்பெட்டியை அந்த வளாகத்திலேயே வைக்கச் செய்தாள், பீரோ உயரம், மேலே தொப்பி போட்ட குழாய். சாவியை மாமா அரைஞாணில் கோத்து வைத்திருந்தார். காக்கை எச்சத்தைத் துடைப்பது, ஆடு உரசாமல் பார்ப்பது, சாயங்காலமானால் போன் பண்ணி, எழிலு, உன் டப்பா இன்னா சொல்லுது இன்னிக்கு என்று கேட்பது, இதெல்லாம் அவராகவே ஏற்படுத்திக்கொண்ட வேலை. அவருக்கு வீசிங் உண்டு. வீசிங் இருக்கிற மனிதரை ஆலைக்குக் கிழக்கே உட்காரவைத்து, பக்கத்திலேயே ஒரு பெட்டியையும் வைத்து, அந்தப் பெட்டிக்கு அவரைக் காவல் வைத்தவள் நான். இல்லை, அவர் இருபது வருடமாக அங்கேதான் வேலை பார்த்தார், நான் வைக்கவில்லை, பெட்டியைத்தான் வைத்தேன். இந்த இடத்தில்தான் நினைப்பு எப்போதும் முள்ளில் துணி மாட்டுவதுபோல் மாட்டும். பெட்டியை வைத்தேன், வைத்தது தப்பில்லை. ஆயுத பூஜையன்று காலையில் அக்கா சாம்பிராணி காட்டியது தப்பா. மோட்டார்களுக்குச் சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, மிச்சமிருந்த சந்தனத்தைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கும் வைத்து, தூபக்காலைத் தூக்கிக் குழாயின் தொப்பிக்கு நேரே பிடித்தாளாம். பத்து மணிக்குப் போனில், “உன் மெஷினுக்கும் படைச்சாச்சுடி, கப்புனு இழுத்துக்கிச்சு பாரு, சாமியே சாப்ட்ட மாதிரி” என்றாள். எழிலரசி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். காற்றின் தூசை எண்ணுகிற கருவிக்குச் சாம்பிராணி போட்ட ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும், இதை ஜெர்மனிக்காரர்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தாள். மதியம் பெட்டியில் தூசி பிடிக்கிற வடிகட்டித் தாளை மாற்றப் போன ஆய்வக வண்டியில் அக்கா எழிலரசிக்குப் பொரி, கடலை, வெல்லம் எல்லாம் கொடுத்தனுப்பினாள்.

நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்தாள், கூட வந்த பெண், ஊதத்தானே சொன்னாங்க அதுக்கு ஏன் அழுவுறே என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். அக்கா இன்றைக்கு மாடி ஏறும்போது மூன்று இடத்தில் நின்றாள். ஐம்பத்துநாலு வயது. போன வருடம் இதே அக்கா தண்ணீர்க்குடத்தோடு தொட்டிப் படி ஏறுவாள். இப்போது பிடரியில் எலும்பு தெரிகிறது, எண்ணெய் வைத்து வாரின தலை சின்னதாகிவிட்டது. காற்று எப்படி என்று பெட்டி சொல்லும், இவள் நெஞ்சு என்ன சொல்லுது என்று பெட்டி சொல்லாது. மூன்று நாற்பது. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தது கடிகாரத்தைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது, இப்போது மணி இரண்டு ஐம்பதுதான், ஆனாலும் வந்துவிட்டது. அன்றைக்கு மூன்று நாற்பதுக்கு மாமா போன் பண்ணினார். கண்ணு எரியுது எழிலு, நெஞ்சுல மொளகா அரைச்ச மாதிரி கீது, உன் டப்பா இன்னா சொல்லுது. அவள் சோபாவில் படுத்து யாரோ அனுப்பிய சமையல் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினி மேசைமேல் இருந்தது, மேசை எட்டு அடி தள்ளி இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அக்கா காட்டின சாம்பிராணிதான் மாமா, பம்ப் ரூமுக்குள்ள தங்கியிருக்கும், கொஞ்ச நேரம் வெளிய காத்தாட உட்காருங்க, சரியாயிடும் என்றாள். அவர் சிரித்தார், உங்க அக்கா சாமி கும்பிட்டா ஊரே இருமணும் என்றார், வெளியே போய் உட்கார்ந்தார். வெளியே. ஓசோன் வெளியேதான் இருக்கும். அறைக்குள்ளே சுவரும் துணியும் பாதிக்குமேல் தின்றுவிடும், இது முதல் வருடப் பாடம். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருங்கள் என்பதுதான் சொல்ல வேண்டியது. உள்ளே இருந்தவரை வெளியே அனுப்பினேன். ஆறு மணிக்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும் என்பதால் அவர் வீட்டுக்கும் போகவில்லை, வெயிலில் சிமென்ட் மேடையில் உட்கார்ந்து நல்ல காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு ஆறு மணி. ஆய்வகத்திலிருந்து செய்தி, உங்கள் நிலையத்தில் அளவுகள் சிவப்பில் நிற்கின்றன, ஏழு மணி அறிக்கைக்கு முன் சரிபார்க்கவும். எழுந்தாள், அப்போது மட்டும் எழுந்தாள். திரையில் தூசு காலையில் ஒரு பனைமரம்போல் நின்று பதினோரு மணிக்கு அடங்கிவிட்டிருந்தது, அதுதான் அக்கா. ஓசோன் பன்னிரண்டுக்குக் கிளம்பி மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அரசாங்க வரம்பு ஒரு மணி நேரத்துக்கு நூற்றெண்பது. சாம்பிராணி ஓசோனைச் செய்யாது, புகை இருந்தால் அது இன்னும் குறையத்தான் செய்யும். பார்த்தாள். தெரிந்தது. தெரியவில்லை என்று ஒரு நாள்கூட அவளால் தன்னிடம் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை. அளவை நீக்குவதென்றால் ஒவ்வொரு மணிக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத இருபத்துநாலு கட்டம், இல்லையென்றால் முழு நாள் என்று ஒரே கட்டம். விரலில் வெல்லம் ஒட்டியிருந்தது. ஒட்டாத சுண்டுவிரலால் முழு நாளைத் தொட்டாள், காரணம் என்ற இடத்தில் வழிபாட்டுப் புகை என்று எழுதினாள், நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆலைக்குப் பயந்தாளா, ஆய்வகத்துக்கு அந்த ஆலையும் வாடிக்கைதானே. பயந்திருந்தால்கூடத் தேவலை, பயத்துக்கு ஒரு முகம் இருக்கும். அப்படி எதுவும் இல்லை. விடுமுறை மாலை, வாயில் பொரி, அவ்வளவுதான். மாமாவை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்றாம் நாள் போய்விட்டார். அதன்பின் அந்த நாளைத் திறக்கவே இல்லை, எண்ணைத் திருத்தினால் மனிதர் எழுந்து வரப்போகிறாரா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், நல்ல கேள்வி, எதையும் செய்யாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது.

ஐம்பத்துமூன்று எரிந்தபோது கீழே மணி அடித்தது. ஆஸ்பத்திரி வளாகத்துப் பிள்ளையாருக்கு யாரோ வேண்டுதல் போலிருக்கிறது, படிக்கட்டு வழியாகச் சாம்பிராணி வாசனை மெல்ல ஏறி வந்தது. எழிலரசி அதை முகர்ந்து முடிப்பதற்குள் அக்கா முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். எக்ஸ்ரே உறை கீழே விழுந்தது. நாலு நாற்காலி தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். எழிலரசி ஓடிப்போய்ப் பிடித்து, மூச்சு வாங்குதா, உள்ளே சொல்லட்டுமா என்று கேட்டாள், அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்போதுதான் அக்கா வீட்டுக் கூடம் முழுதாக நினைவில் வந்தது, மாமா படத்துக்குக் கீழே பிளக்கில் செருகிய சின்னச் சிவப்பு பல்பு, ஊதுவத்தி இல்லை, கற்பூரம் இல்லை, விளக்குக்கூட இல்லை. அப்பா இருந்தவரைக்கும் வீட்டில் சாமி படம் கிடையாது, தொழிற்சங்கக்காரர், பிள்ளைகளுக்குத் தேடித்தேடித் தமிழ்ப்பெயர் வைத்தவர். அக்காதான் கல்யாணமான பிறகு பூஜை புனஸ்காரம் என்று மாறினாள், இப்போது மாமா போன துக்கத்தில் அப்பாவின் ரத்தம் திரும்பிவிட்டது என்று எழிலரசி எண்ணியிருந்தாள், அதில் கொஞ்சம் பெருமையும் பட்டிருந்தாள்.

“நெருப்புக்குச்சி கிழிச்சே பதினோரு மாசம் ஆச்சுடி” என்றாள் அக்கா, முந்தானைக்குள்ளிருந்து. “அடுப்புகூட லைட்டர்தான். அன்னிக்கு நான் சாயங்காலம் டீ எடுத்துக்கினு போறேன், மாமா வெளிய மேடையில உட்காந்துக்கினு கீறாரு. எழிலுகிட்ட கேட்டேன், எல்லாம் உன் சாம்பிராணிதானாம், டப்பாவே சொல்லிச்சாம்னு சொன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். பிறகு மெதுவாக, முடிவெடுத்துவிட்ட குரலில், இன்றைக்கு இந்த டெஸ்ட் முடிந்ததும் வக்கீலம்மாவிடம் போய் மனுவை வாபஸ் வாங்கிவிடப்போவதாகச் சொன்னாள். தன் கையால் பண்ணிவிட்டு இன்னொருவன்மேல் போடுவது பாவமாம். பக்கத்தில் நின்று பேசப் படித்த தங்கச்சிக்கே வாய் வரவில்லையே, வக்கீல் கேட்டுக்கேட்டுப் பார்க்கிறாளே, எழிலு தன் அக்காவைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்தான் எண்ணைக் கொடுக்காமல் இருக்கிறாள் என்று தனக்குப் புரியாதா என்றாள். நன்றியோடு சொன்னாள்.

ஐம்பத்துநாலு. இப்போதும் நேரம் இருந்தது. பேசாமல் இருந்தால் அக்கா கையெழுத்துப் போட்டுவிடுவாள், இருபத்திரண்டு நாளில் பெட்டி தன் வேலையைத் தானே செய்துகொள்ளும், வேலை போகாது, ஆய்வகத்தில் யாரும் கேட்கப்போவதில்லை, அக்கா சாகிறவரை தீக்குச்சியைத் தொடமாட்டாள், அது ஒரு பழக்கமாகிவிடும், வருகிறவர்கள் பகுத்தறிவு என்பார்கள். எவ்வளவு சுலபம். மறுபடியும் ஒரே ஒரு கட்டம், முழு நாள், சுண்டுவிரல் போதும்.

“அது உன் புகை இல்லக்கா” என்றாள். குரல் தனக்கே கேட்காததுபோல் இருந்ததால் இன்னொரு தடவை சொன்னாள். உன் புகை பதினோரு மணிக்கே போய்விட்டது, மாமாவைப் பிடித்தது வேறு, அது மதியத்துக்குமேல் வெயிலில் உண்டானது, பெட்டி அதைச் சரியாகத்தான் எழுதியது, எழுதினதை நான்தான் நீக்கினேன், உன்மேல் காரணம் எழுதி நீக்கினேன் என்று கூட்டத்தில் பேசுகிற அந்தச் சுத்தமான தமிழில் சொல்லிக்கொண்டே போனாள், அந்தத் தமிழைத் தவிர வேறு எதுவும் அப்போது வாயில் வரவில்லை. அக்கா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள்.

“அப்ப ஏன் அவருகிட்ட அப்டி சொன்னே?”

“பாக்காம சொன்னேன்.”

“எப்ப பாத்தே?”

“ஆறு மணிக்கு.”

“ஆறு மணிக்கு அவரு நல்லா பேசிக்கினு இருந்தாரு” என்றாள் அக்கா. “வால்வு தெறக்க எழுந்தாரு. உள்ள வாங்கன்னு கூப்ட்டிருப்பேன். ஒரு போன்.”

உள்ளே இருந்தவரை வெளியே அனுப்பியதும் நான்தான் என்பதை இன்னும் சொல்லவில்லை, அதையும் சொன்னாள். சுவரில் ஐம்பத்தாறு எரிந்தது, உள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். எழிலரசி உறையைப் பொறுக்கி நீட்டினாள், அக்கா அதன் மறுநுனியைப் பிடித்து, விரல் படாமல் வாங்கிக்கொண்டு போனாள். கதவு சாத்தியது. எழிலரசி கைப்பேசியைத் திருப்பினாள், வக்கீலுக்கு எழுதினாள்: அளவு இருக்கிறது, மூன்று மணிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, தவறான காரணம் எழுதி நீக்கியவள் நான், எழுத்தில் தருகிறேன், பெட்டிக்கு இன்றே முத்திரை வைக்கச் சொல்லுங்கள். காரணம் என்ற சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தாள். அனுப்பியபோது மூன்று நாற்பத்திரண்டு. கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் தொடங்கிவிட்டாள், ஊதுங்கம்மா, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், பத்தலைம்மா, இன்னொரு தடவை. இரண்டாவது தடவையும் பத்தவில்லை. மூன்றாவது தடவை உள்ளே இருந்து எந்தச் சத்தமும் வரவில்லை, நெஞ்சு வலித்தபோதுதான் தானும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எழிலரசிக்குத் தெரிந்தது.

அக்கா வெளியே வந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை. வக்கீலுக்கு அனுப்பிவிட்டாயா என்று கேட்டாள். அனுப்பிவிட்டேன் என்றதும் தலையை ஆட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் இரண்டடி வைத்தவள், எதையோ இப்போதுதான் கண்டுபிடித்தவள்போல் நின்றாள்.

“ஆறேகாலுக்கு எனக்கு மெசேஜ் போட்டிருந்தே” என்றாள், திரும்பாமல். “பொரி நல்லா இருந்துச்சுன்னு.”

பிறகு கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தனியாக, படிக்கு ஒரு மூச்சாக, சாம்பிராணி வருகிற பக்கமாகவே இறங்கினாள்.